கழுத்துக்குப் போகும் கை

கொட்டாஞ்சேனை பஸ்ஸில் என் முன்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“என்ர மனிசிட தம்பி கள்ளனில்லை. வீடியோவில பாத்தனான்.”

சொன்னவருக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அந்தோனியார் பதக்கம். பக்கத்தில் இருந்தவர் அவருடைய கந்தோரில் வேலைசெய்யும் இளைஞர் போலிருந்தார்.

“என்ன வீடியோ அண்ணை?”

“ஞாயிற்றுக்கிழமையில வீட்டில போக்கர் விளையாடுறனாங்கள். எனக்கு நல்ல காட்ஸ் வந்தா அவன் உடனே விலகிடுவான். ஒளிச்சுப் பாக்கிறான் எண்டு ஏசிப்போட்டு, மூண்டு மாசமாக் கதைக்கேல்ல. அவனைப் பிடிக்கத்தான், மகள் எடுத்து வச்ச வீடியோவைப் போக்கர் பழக்கிற ஒருத்தருக்கு அனுப்பினனான். அவர் நிப்பாட்டி நிப்பாட்டிக் காட்டினார்.”

“என்னத்தை?”

“என்னைத்தான். நல்ல காட்ஸ் வந்தா என்ர கை பதக்கத்துக்குப் போகுதடா. ஒவ்வொரு முறையும்! அவன் அதைத்தான் பாத்திருக்கிறான்.”

“பிறகு?”

“மன்னிப்புக் கேட்டு, வீட்ட வரட்டோ எண்டு இண்டைக்குக் காலமை அவனுக்கு மெசேஜ் போட்டனான். இன்னும் பதிலில்லை.”

கொச்சிக்கடையைத் தாண்டும்போது அவருடைய ஃபோன் ஒலித்தது. எடுத்து வாசித்தார். கை மெல்லக் கழுத்துக்குப் போனது.

இளைஞர் ஃபோனை எட்டிப் பார்க்கவே இல்லை.

“வரச் சொல்லிட்டார் என்ன?”