நவமணிக்கு வந்த உத்தரவு

எங்கள் சபையில் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேராக மறுப்புச் சொல்வதில்லை. பெண் கேட்டு வந்தாலும் சரி, ஞாயிறு பள்ளிக்கு வகுப்பெடுக்க அழைத்தாலும் சரி, "ஜெபித்துச் சொல்கிறேன்" என்போம். நாலு நாள் கழித்து, "ஆண்டவர் உத்தரவு கொடுக்கவில்லை" என்றால் முடிந்தது. அதற்குமேல் பேசுகிறவர் எங்களோடு அல்ல, ஆண்டவரோடு வழக்காடுகிறார் என்று ஆகிவிடும்.

போதகர் ஐயரே, சபைப் பத்திரிகைக்காக என் மகள் நவமணியின் கடைசி நாட்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

என் கணவர் இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. மைசூரில் மிஷன் பெண்பள்ளியில் எனக்கு உபாத்தியாயினி வேலை கிடைத்தது. பதினான்கு வருஷம் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தோம். தங்கவயலில் கம்பவுண்டராக இருக்கும் அருளப்பன், தம் தாயாரோடு வந்து அவளைக் கேட்டார். நல்ல பிள்ளை. அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. ஜெபித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன்.

அறைக் கதவைச் சாத்தி முழங்காலில் நின்றேன். உண்மையாகவே நின்றேன். அவள் இல்லாத வீட்டை நினைத்ததும் நெஞ்சை அடைத்தது. அந்த அடைப்பையே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பதில் கேட்க வந்த அருளப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நானும் ரெண்டு மாசம் ஜெபம் பண்ணிட்டுத்தாங்க வந்தேன். எனக்குச் சரின்னாரு. உங்ககிட்ட மட்டும் மாத்திச் சொல்றாரே?"

"உங்களுக்குச் சரியாக் காதுல விழலையோ என்னவோ, தம்பி."

அவருடைய தாயார்கூடச் சிரித்துவிட்டார். நவமணி சிரிக்கவில்லை. ஆனாலும் என் பதிலை ஒப்புக்கொண்டாள். என் ஜெபத்தை அவள் சந்தேகித்ததே கிடையாது. அப்படி வளர்த்திருந்தேன்.

மழை ஓய்ந்ததும் எங்கள் தெருவுக்குக் கொள்ளைநோய் வந்தது. எலி செத்து விழுந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, ஊருக்கு வெளியே போட்டிருந்த கொட்டகைகளுக்கோ வேறெங்காவதோ போய்விட வேண்டும் என்பது சர்க்கார் கட்டளை. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பால் ஊற்றும் லிங்கம்மா படியேறாமலே, கன்னடம் கலந்த தமிழில் சத்தம் போட்டாள்.

"இன்னும் இங்கே என்ன மாடுறீங்க அம்மாவ்ரே? எதிர் மனெயில எலி விழுந்தாச்சு. உங்க தேவரு வந்து எலி பிடிப்பாரா?"

"வாயைக் கழுவுடி" என்றேன். நவமணி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அந்த வாரமே அருளப்பனிடமிருந்து கடிதம் வந்தது. கல்யாணப் பேச்சே அதில் இல்லை. நோய் அடங்கும்வரை நாங்கள் இருவரும் தம் தாயாரோடு தங்கலாம் என்று மட்டும் எழுதியிருந்தார்.

"போயிடலாமாம்மா? கேட்டுச் சொல்லுங்க" என்றாள் நவமணி. போனால் அவள் திரும்பமாட்டாள் என்பது அந்தக் காகிதத்தை அவள் மடித்த விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. மறுநாள், ஆண்டவர் இங்கேயே இருக்கச் சொல்கிறார் என்றேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, காலையில், அரிசிப்பானைக்குப் பின்னால் ஓர் எலி செத்துக் கிடந்தது. அவள் கிணற்றடியில் இருந்தாள். அது தெரிந்திருந்தால் உத்தரவு எதுவும் கேட்காமலே வண்டி கூப்பிட்டிருப்பாள். முறத்தில் அள்ளிக்கொண்டுபோய்க் கொல்லை முருங்கையடியில் புதைத்தேன். கையைக் கழுவினேன். அந்த மூலையை மெழுகும்படி அவளிடம் சொன்னேன். எனக்கு முட்டிவலி. மெழுகுவது எப்போதும் அவள்தான்.

சனிக்கிழமை காய்ச்சல் கண்டது. திங்களன்று அக்குளில் கட்டி தெரிந்தது. கொள்ளைநோய் ஆஸ்பத்திரியில் தாயைக்கூட உள்ளே விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"இன்னொரு தரம் கேளுங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகவான்னு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அரைமணி கழித்து வெளியே வந்து, வீட்டிலேயே சுகமாகும் என்கிறார் என்றேன்.

"அப்படின்னா சரிம்மா" என்றாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். புதன்கிழமை இறந்தாள்.

அடக்க ஆராதனையில் நீங்கள், அவள் தாயின் ஜெபத்துக்குள்ளேயே கண்மூடினாள் என்றீர்கள். பத்திரிகையில் அதைத் திருத்திப் போட வேண்டும். முதல்முறை மட்டும்தான் நான் ஜெபித்தேன். கடிதம் வந்தபோது ஜெபிக்கவில்லை. கடைசியிலும் ஜெபிக்கவில்லை. அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஜெபிக்க ஆகும் நேரம் கழியட்டும் என்று காத்திருந்தேன். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க ஆண்டவருக்கு மனம் வராது. கேட்டிருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார்.