தொடையில் ஒரு பிளாஸ்திரி

எனக்கு ஊசியைக் கண்டு பயமில்லை, ஐயா. துணி தைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்தப் பயம் இருந்தால் அடுப்பு எரியுமா? பயமெல்லாம் என் மனைவிக்குத்தான். ஊசியைப் பார்த்தாலே அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். ஆனால் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் அவள்தான்.

நான் வேண்டாம் என்றேன். கடைக்கு வரும் ஒருவர், ஊசி போட்ட நாளிலிருந்து தன் அண்ணன் மகன் சரியாக நடப்பதில்லை என்று சொல்லியிருந்தார். பொய் சொல்கிற ஆளில்லை அவர். பட்டுத்துணியில் ஒரு தடவை தப்பாக ஊசி இறங்கினால் அந்தத் துளை மறையாது. என் மகளின் தோல் அதைவிட மெல்லியது.

"டாக்டரைவிட உங்க கடைக்கு வர்றவருக்கு ரொம்பத் தெரியுமோ?" என்றாள் அவள். பேச்சு வளர்ந்து, அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். வீட்டில் சண்டை எதற்கு என்று தலையாட்டினேன்.

"நீங்களே தூக்கிட்டுப் போங்க. பாப்பா அழுறத என்னால பாக்க முடியாது."

தூக்கிக்கொண்டு போனேன். மருத்துவமனைக்கு இல்லை, கடைக்கு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தையல் ஊசியைச் சுடுதண்ணீரில் கழுவி, குழந்தையின் தொடையில் லேசாகக் குத்தினேன். பொட்டு ரத்தம் வந்தது. மேலே பிளாஸ்திரி ஒட்டினேன். வீறிட்டு அழுதாள், தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, எனக்கும் கண் கலங்கியது. அடையாளம் இல்லாவிட்டால் மனைவி நம்பமாட்டாளே. அன்று முழுக்க அவள், வராத காய்ச்சலுக்காகக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தடவையும் அப்படித்தான் செய்தேன். குழந்தை அங்கே வந்ததே இல்லை என்று மருத்துவமனையில் உங்களிடம் சொன்னார்களாம். சரியாகத்தான் சொன்னார்கள்.

பிறகு இருமல் வந்தது. தெருமுனை டாக்டரிடம் கொண்டு போனோம்.

"கக்குவானுக்கு ஊசி போட்டாச்சா?" என்று அவர் கேட்டார்.

"ரெண்டு தடவையும் போட்டாச்சு டாக்டர். இவர்தான் தூக்கிட்டுப் போனாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். பெண்டாட்டி சொன்னதை அடுத்தவர் முன்னால் பொய்யாக்குவது நன்றாகவா இருக்கும்? சளி இருமல்தான் என்று அவர் மருந்து கொடுத்து அனுப்பினார்.

நாளாக ஆக, இருமி இருமியே முகம் நீலம் பாரித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவில், என் மடியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அந்தக் கனம் இன்னும் மடியைவிட்டு இறங்கவில்லை, ஐயா.

என் மனைவி சாப்பிடுவதில்லை. குடிக்க ஆளில்லாமல் பால் கட்டிக்கொண்டு வலியில் துடிக்கிறாள். "நீங்க வேணாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டீங்களே. நான்தான் ஊசி போடவச்சு அவளைக் கொன்னுட்டேன்" என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

நான் அவளைத் தூக்கி நிறுத்தி, கண்ணைத் துடைத்துவிட்டேன். நீங்கள் அவளிடம் எதையும் கேட்டு நோகடிக்காதீர்கள். அவளை நான் மன்னித்துவிட்டேன்.