பச்சை டிக்

— போன் லிஸ்ட்டுல போட்ட டிக்கைத் திரும்ப எடுக்க முடியுமா புள்ள?

— எதுக்குங்க எடுக்கணும்? எங்க வீட்டுக்காரரு டிக் போடப் பழகிட்டாருன்னு ஆபீஸ் பூராம் முட்டாய் குடுத்திருக்கேன் நானு.

— சும்மாதேன் கேட்டேன் சினேகா.

— சும்மா கேக்குற மூஞ்சியா இது? எதைச் செய்யாமலே டிக் போட்டீக? வாழையிலையா?

— அது வெள்ளிக்கெழமை விடியவே சின்னமனூர்ல இருந்து வந்துரும்.

— பந்தலு?

— உன் கண்ணு முன்னாடிதான பேசுனேன்.

— ஆசாரிக்குச் சொன்னீகளா? அவரு வராம நம்ம புள்ள மகிழனுக்கு யாரு காது குத்துறது?

— அதெல்லாம் சொல்லியாச்சு.

— அப்புறம் என்ன? இங்கன பாருங்க, எல்லாம் பச்சை. மோட்டார் காயில் கட்டுற மனுசன் பச்சை டிக்கா போட்டுத் தள்ளியிருக்கீக. மண்டையில இருக்கறத பூராம் இதுல எறக்கி வச்சா லேசாயிரும்னு சொன்னேன்ல? ஆச்சா இல்லையா?

— ஆகல. முன்னாடியெல்லாம் மறந்துட்டேன்னு சொல்லித் தப்பிச்சுருவேன். இப்ப அது மறக்க விடாம டிங்கு டிங்குன்னு கூப்புடுது.

— அதுக்குத்தான போட்டுக் குடுத்ததே.

— ரெண்டு பேரு போன்லயும் ஒரே லிஸ்ட்டுதான? நான் அமுக்குனா ஒனக்கும் விழுமா?

— அந்தச் செகண்டே விழும். ஏன் இதையே கேட்டுக்கிட்டு இருக்கீக? சோத்தைத் தின்னுங்க, ஆறுது.

— எறங்கல புள்ள. ஞாயித்துக்கெழமையில இருந்து எனக்குச் சோறு எறங்கல.

— ஞாயித்துக்கெழமை நீங்க எங்கண்ணன் வீட்டுக்குல்ல போனீக.

— போகல.

— என்னது?

— ஒங்கண்ணனுக்கு வைக்க வேண்டிய பத்திரிக்கையை நான் வைக்கல. வச்சுட்டேன்னு டிக்கை மட்டும் போட்டுட்டேன்.

— வெளையாடாதீக. தாம்பாளம், வெத்தலை, பழம் எல்லாம் நான்தான எடுத்து வச்சுக் குடுத்தேன்.

— கடையில இருக்கு. பழைய மோட்டாருக்குப் பின்னாடி வச்சிருக்கேன். வெத்தலையெல்லாம் காஞ்சு போச்சு.

— ஏங்க, தாய்மாமன் மடியில உக்காராம புள்ளைக்குக் காது குத்துனதை எங்கனயாச்சும் பாத்திருக்கீகளா? அழைக்காத வீட்டுக்கு எங்கண்ணே எப்படி வருவாக?

— தெரியும் புள்ள. போகக் கூடாதுன்னு இல்ல. கடமலைக்குண்டு பஸ் ஸ்டாப் டீக்கடை வரைக்கும் போனேன். அங்கன இருந்து பாத்தா மச்சான் வீட்டு மாடி தெரியுது. அதுக்கு மேல வண்டி நகரல.

— இன்னும் அந்த அரணாக்கொடியவா நெனச்சுக்கிட்டு இருக்கீக?

— எப்படி மறக்கச் சொல்ற? புள்ளைக்குப் பேரு வச்ச அன்னைக்கு, மனுசன் ஆசையா வெள்ளிக்கொடி வாங்கிட்டு வந்தாக. நான் எல்லாரு முன்னாடியும் என்ன சொன்னேன்? 'இது அரணாக்கொடியா, நான் மோட்டார்ல சுத்துற கம்பியா'ன்னு கேட்டேன். சபையே சிரிச்சுச்சு. மச்சானும் சிரிச்சாக. சிரிச்சுக்கிட்டே, பந்தியில உக்காராம, பசிச்ச வயித்தோட பஸ் ஏறிப் போனாக.

— அன்னைக்கே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கன்னு சொன்னேன்.

— கேக்கணும்னுதான் ஞாயித்துக்கெழமை போனேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டே டீ குடிச்சேன். போன் டிங்குன்னுச்சு. 'தாய்மாமன் அழைப்பு, முடிஞ்சதா?'ன்னு கேட்டுச்சு. அமுக்கிட்டேன். ஒரு நிமிசம் நெசமாவே முடிஞ்ச மாதிரி இருந்துச்சு புள்ள. வண்டியைத் திருப்பிட்டேன்.

— அப்ப நீங்க அந்த வாசலையே மிதிக்கலையா?

— மிதிக்கல. ரெண்டு வசவாச்சும் வை. நான் செஞ்சது ஈனத்தனம், எனக்கே தெரியுது. ஏன் பேய் அடிச்ச மாதிரி பாக்குற?

— ஞாயித்துக்கெழமை அந்த டிக் விழுந்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவ்வளவு சந்தோசம். அப்பவே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

— மச்சானுக்கா? என்ன கேட்ட?

— 'அண்ணே, அவுக வந்தாகளா, மொகம் குடுத்துப் பேசுனாகளா'ன்னு கேட்டேன். அண்ணே மொதல்ல 'யாரு, மாப்ளையா?'ன்னு திருப்பிக் கேட்டாக. லைன் சரியில்லைன்னு நெனச்சு, திரும்பச் சொன்னேன்.

— அப்புறம்?

— 'வந்தாக ஆத்தா. தாம்பாளத்தை ரெண்டு கையாலயும் குடுத்தாக. எங்க வீட்டுல கை நனைக்காம மாப்ளைய அனுப்புவேனா, வயிறாரச் சாப்புட வச்சுத்தான் அனுப்புனேன்'ன்னு சொன்னாக.