பூச்சியால போன புருஷன்

ஐயோ, மூடியைத் தூக்காதீங்க பமீலா! ஆங், அப்படியே வெச்சிருங்க. உள்ளே எல்லாம் தூங்குது. டப்புனு தெறந்தீங்கன்னா முழிச்சுக்கிட்டு நேரா என் ஸ்வெட்டருக்குள்ள பூந்துரும். அப்புறம் அதை எண்ணிக்கையில சேக்கறதா விடறதான்னு எனக்கே கொழப்பம்.

சொல்றேன், சொல்றேன். கேட்டுட்டீங்கல்ல, பதில் இல்லாம அனுப்ப மாட்டேன். ரோலண்டோட கார்ல நீங்க கண்டெடுத்த டப்பா என்னோடதுதான். செவப்பு மூடி போட்ட டப்பா இந்த லெட்பரி ஊர்ல வேற யாருகிட்ட இருக்கு? ஆனா மொதல்ல இந்தப் பூச்சிப் பொறியைக் காலி பண்ணணும். வேலி மேல அந்த ராபின் குருவியைப் பாத்தீங்களா? பந்திக்கு முந்தறவன் மாதிரி விடிஞ்சதுலேருந்து உக்காந்திருக்கு. நாம பேசிக்கிட்டிருந்தோம்னா அது சாப்பிட்டு ஏப்பம் விட்டுரும்.

இந்த முட்டை அட்டையைப் பிடிங்க. கையுறையெல்லாம் வேண்டாம், கடிக்காது. சிலதுக்கு வாயே கெடையாது. குடும்பம் நடத்த ஏத்த ஜீவன்.

பெரிய வித்தையெல்லாம் இல்லீங்க. பொழுது சாஞ்சதும் பல்பைப் போட்டுட்டு நான் போய்ப் படுத்துருவேன். அந்துப்பூச்சிங்க வெளிச்சத்துக்கு வந்து, புனல் வழியா வழுக்கி விழுந்து, இந்த அட்டைக் குழியில ஒண்டிக்கும். காலையில என்ன வகை, எத்தனைன்னு எழுதிட்டு, புதருக்குள்ள விட்டுருவேன். இது, ரெக்கையில யாரோ எபிரேய எழுத்து எழுதிட்டு மையை உறிஞ்சாம விட்ட மாதிரி இருக்கே, மார்ச் மாசத்துல இதுதான் மலிவு. நீங்க கொண்டாந்த டப்பாவுல செத்துக் கெடக்கறதும் இதேதான். அந்த ஓரத்துல ஒண்ணு, நெறமே இல்லாம, மழை வர்ற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு... அதுக்கு மப்புப் போட்ட மந்தம்னு பேர். சத்தியமா. பேர் வெச்சவன் பொண்டாட்டிகூட சண்டை போட்டுட்டு வந்திருப்பான்.

வர்றது முக்காவாசி ஆம்பளைங்க. இன்னொரு வகையில பொம்பளைக்கு ரெக்கையே கெடையாது. அவ மரத்துல கம்முனு உக்காந்திருப்பா. இவன்தான் அவளைத் தேடிப் புறப்பட்டு, பாதி வழியில பல்பைப் பாத்து, எதுக்கு வந்தோம்னே மறந்து இங்கே விழுந்து கெடப்பான்.

இல்லீங்க, குத்திக் காட்டல. உங்களைப் பல்புன்னு நான் எங்கே சொன்னேன்?

சரி, ரோலண்டை நான் அவன் இவன்னு சொன்னா வருத்தப்படாதீங்க. உங்களுக்கு அவர். எனக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடியே புருஷனா இருந்தவன், நாக்கு அப்படியே பழகிப் போச்சு. அடக்கத்தன்னிக்கு நான் வந்தேன், தெரியுமா? நீங்க மொத வரிசையில இருந்தீங்க, நான் தூணுக்குப் பின்னால. பாதிரியார் பேசினதுல பாதி தூணுக்குத்தான் கேட்டது. உங்க வீட்டுல அனுதாபக் கார்டு குமிஞ்சிருக்கும். எனக்கு ஒண்ணும் வரல. மொத பொண்டாட்டிக்குன்னு எந்தக் கடையிலயும் கார்டு விக்கறதில்ல, நான் போய்த் தேடிப் பாத்தேன்.

ஏன் பிரிஞ்சோம்னு உங்ககிட்ட என்ன சொன்னான்? பூச்சியால. ம். கோல்ஃப் கிளப்புல எல்லார்கிட்டயும் அதைத்தான் சொன்னான். நான் மனுஷன் வாழற வீட்டைப் பூச்சிக்கு லாட்ஜ் ஆக்கிட்டேனாம். ஒருநா ரொட்டிக்கு வெண்ணெய் எடுக்கப் போயி ஃபிரிட்ஜைத் தெறந்தான். உள்ளே என் டப்பாங்க. குளுமையில வெச்சாத்தான் அசையாம இருக்கும், நிதானமா அடையாளம் பாக்கலாம். ஒரு மூடி லூசா இருந்திருக்கு. வெண்ணெயில ஒருத்தன் கால் மாட்டிக்கிட்டு நிக்கறான். ரோலண்ட் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் கொல்லைப் பக்கம் ஓடிருச்சு. நான் வேற, கத்தாதே, இது ரொம்ப அபூர்வம்னு சொல்லித் தொலைச்சிட்டேன்.

அப்புறம் உங்க வீட்டுக்கு வந்துட்டான். வெள்ளைக் கம்பளம், எலுமிச்சை வாசம், ஃபிரிட்ஜ்ல வெறும் சாப்பாடு. நிம்மதியாத்தான் இருந்தான் பமீலா. அதுல சந்தேகமே படாதீங்க.

மறுபடி அவன் இங்க வர ஆரம்பிச்சதுக்கு ஏணிதான் காரணம். அஞ்சாறு வருசம் இருக்கும். என் கொட்டாயில கெடந்த அவன் ஏணியை எடுத்துட்டுப் போக வந்தான், இதே மாதிரி ஒரு மார்ச் காலையில. நீங்ககூடக் கேட்டிருப்பீங்களே, ஏணி எங்கேன்னு. அது இன்னும் அங்கதான் கெடக்கு. நான் இங்கே குந்தியிருந்தேன். கையில ஓக் மரத்து அழகி. அப்படித்தான் அதுக்குப் பேர். கறுப்பும் பழுப்புமா பட்டை போட்டு, கழுத்துல ரோமக் கோட்டு, சீமாட்டி ரயிலுக்குக் கெளம்பின மாதிரி நிக்கும். அது நடுங்குச்சு. பாவம், இதுக்குக் குளுருதா வெரான்னு கேட்டான். இத்தனை வருசம் இதுங்ககூட ஒரே கூரையில இருந்தவன், மொத மொதலா ஒரு கேள்வி கேட்டான்! குளுர் இல்லடா, பறக்கறதுக்கு முன்னாடி ஒடம்பைச் சூடு பண்ணிக்குதுன்னு சொன்னேன். அவன் கைக்கு மாத்தி விட்டேன். மூச்சுகூட விடாம நின்னான். அது கெளம்பிப் போனதும் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். ஏணியை எடுக்காமலே போயிட்டான்.

அடுத்த வாரம் மறுபடி வந்தான். ஏணிக்காம். எடுக்கல. அதுக்கடுத்த வாரமும்.

ஆமா. வியாழக்கிழமைதான்.

கேளுங்க, கேட்டுருங்க. மனசுல வெச்சுப் புழுங்காதீங்க. என் வயசையும் பாருங்க, இந்த முட்டி ரெண்டையும் பாருங்க. குந்தினா எழுந்திருக்க வேலியைப் பிடிக்கணும், இதுல கள்ளக்காதல் வேறயா? அட்டையைப் பிடிப்பான், நான் பேர் சொல்லுவேன், அவன் தப்பாத் திருப்பிச் சொல்லுவான். அப்புறம் டீ. அவ்வளவுதான். ...அட, ஒண்ணுமில்லன்னதும் இன்னும் கோவம் வருதே உங்களுக்கு! எனக்குப் புரியுது. கட்டில் சமாச்சாரம்னா கன்னத்துல ரெண்டு அறை விட்டுத் தீத்துக்கலாம். பூச்சியை என்ன செய்ய முடியும்.

சொல்லச் சொன்னேங்க. போறப்பெல்லாம் சொல்லுவேன், பமீலாகிட்ட சொல்லித் தொலைடான்னு. பூச்சியாலதான் பொண்டாட்டியை விட்டேன்னு ஊரெல்லாம் சொன்னவன், இப்போ பூச்சிக்காக அவ வீட்டுக்கே போறேன்னு எப்படிச் சொல்லுவேன், கிளப்புல தலை காட்ட முடியுமாங்கறான். பமீலா சிரிப்பாங்கறான். சிரிச்சா சிரிக்கட்டுமேன்னேன். இல்ல வெரா, சிரிச்சிட்டா நான் அப்புறம் வரமாட்டேன்னான்.

நீச்சலா? ஆமா, நீச்சக்குளத்துக்குப் போறேன்னுதான் உங்ககிட்ட சொல்லிட்டு வருவான். அதுக்கு அத்தாட்சியாத்தான் அந்தத் துண்டு. ஈரத் துண்டை நீங்களே தொவைச்சுக் காயப் போட்டீங்களா, வாரா வாரம்?

கொஞ்சம் உக்காருங்க. அந்தக் கவுத்த பூந்தொட்டி மேல உக்காருங்க.

கொட்டாய்க்குப் பின்னால ஒரு குழாய் இருக்கு. டீயைக் குடிச்சிட்டு அங்க போவான். பையிலேருந்து துண்டையும் நீச்சல் ஜட்டியையும் எடுத்து, ஒரு வாளியில போட்டு முக்குவான். நான்தான் வெள்ளையாக்கற மருந்து ஒரு சொட்டு விடுன்னு யோசனை சொன்னேன். அந்தக் குளத்து வாசம் வரணும்ல. தலையையும் குழாய்க்கடியில காட்டுவான். ஒரு தடவை குழாய் உறைஞ்சு போச்சு, கெட்டில்ல மிச்சமிருந்த வெந்நீரை நான் ஊத்தினேன். ஆ ஊன்னு குதிச்சான். கடவுளே, ஒரு மனுஷன் நேர்மையா இருக்க இவ்வளவு பாடுபட்டிருந்தா மந்திரியாவே ஆகியிருப்பான்.

பமீலா? அழறீங்களா, சிரிக்கறீங்களா? ...ரெண்டுமா? சரி சரி, அழுங்க. நானும் இந்த மாசம் பூரா பொறியைக் காலி பண்ணிட்டு, அந்தக் குழாய்ப் பக்கமே போகாம சுத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள போறேன்.

மூக்கைத் தொடைங்க. கைய நீட்டுங்க, இந்தப் பூச்சியை மாத்தி விடறேன். இல்லீங்க, விரலை மடக்காதீங்க, அப்படியே தட்டா வெச்சிருங்க. பூச்சி நடுங்குதா? சூடு பண்ணிக்கட்டும். அவசரப்படுத்தாதீங்க.

...போயிருச்சு. எவ்வளவு கனம் அந்த ஒண்ணுக்கு, இல்ல?

வியாழக்கிழமை வாங்க. துண்டு வேண்டாம்.