இரண்டு மெழுகுதிரிகள்

செவ்வாய்க்கிழமை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்விட்டு, ஒரு தாயும் மகளும் வெள்ளவத்தைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தார்கள். அந்திக் கடலின் வெளிச்சம் பெட்டி முழுவதும் அசைந்தது. எதிர் இருக்கையில் இருந்த எனக்கு ஒட்டுக்கேட்பது பழக்கம்.

“அம்மா, ரெண்டு பேர் எதிரெதிராக் கேட்டா, கடவுளால ரெண்டு பேருக்கும் குடுக்க ஏலுமா?”

“அவரால ஏலாதது என்ன இருக்கு?”

“போன செவ்வாய் நான் கனடா விசா கிடைக்க வேணுமெண்டு மெழுகுதிரி கொளுத்தினனான். நீங்க என்ன கேட்டனீங்கள்?”

தாய் கடலையே பார்த்தார். பம்பலப்பிட்டி கடந்துபோனது.

“கிடைக்கக் கூடாதெண்டு.”

“ஆனா விசா வந்திட்டுதே. உங்களுக்கு ஏன் குடுக்கேல்லை?”

“குழம்பிப் போயிருப்பார், பிள்ளை. உன்ர திரியிலதானே என்ர திரியையும் கொளுத்தினனான்.”