பூக் கேட்ட வெள்ளிக்கிழமை

எனக்குச் சுருட்டு ஒத்துக்கொள்ளாது. ஒரு இழுப்பு இழுத்தாலே இருமல் பிடித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் எங்கள் தோட்டத்து முனியாண்டிக்குச் சுருட்டு என்றால் உயிர். அவர் வெள்ளிக்கிழமைதோறும் என் மேல் இறங்குவதாக லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் நம்பியதால், அவருக்காக நான்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நான் இருமினால் சாமி கனைக்கிறது என்பார்கள். கண் கலங்கினால் சாமிக்கு நம்மேல் இரக்கம் வந்துவிட்டது என்பார்கள். இப்படி ஒரு வசதி வேறு எந்த லோரி டிரைவருக்குக் கிடைத்திருக்கும் என்று தெரியவில்லை.

என் பெயர் சின்னையா. கோல சிலாங்கூர் ஆற்றுக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். என் அப்பா சாமியாடி. அவர் போன பிறகு உடுக்கையும் சாட்டையும் என் கைக்கு வந்தன. அவர் மேல் நிஜமாகவே சாமி வந்ததா என்று எனக்குத் தெரியாது. என் மேல் ஒரு நாளும் வந்ததில்லை. தொடக்கத்தில் காத்திருந்து பார்த்தேன். பிறகு, முனிக்கு வேறு வேலை இருக்கும்போல என்று நானே பார்த்துக்கொள்ளத் தொடங்கினேன். கெடுதலாக ஒன்றும் செய்யவில்லை. காய்ச்சல் என்று பிள்ளையைத் தூக்கி வந்தால் விபூதி போட்டுவிட்டு, தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றுதான் சொல்வேன். எந்த முனி அப்படிச் சொல்லும்?

எண்பத்தாறில் என் மகன் அர்ஜுனனுக்கும் வீரன் மகள் கலாவதிக்கும் கோலாலம்பூரில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. வீரன் புல்லுக்கு மருந்தடிக்கிறவன். மருந்து வாடை போகாமல், நம் பக்கத்தில் வந்து உட்காரக்கூடத் தயங்குவான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பதே வரவரக் குறைந்துகொண்டிருந்த காலம் அது. ஒரே வருடத்தில் ஒரே லயத்தில் இரண்டு பேர் என்றதும் தோட்டத்து ஆபீஸ் கிராணியே நேரில் வந்து கை கொடுத்தார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சம்பளத்தன்று எல்லோரும் கோயிலுக்குக் கொஞ்சம் தருவார்கள். திருவிழாச் செலவு போக மிஞ்சுவது மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு. முன்பிருந்த கட்டணத்துக்கு அந்தப் பணத்தில் இருவரையும் அனுப்பியிருக்கலாம். அந்த வருடம் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாமே ஏறிவிட்டன. செம்பனை விலை விழுந்து ஓவர்டைமும் நின்றுபோயிருந்தது. ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றாகிவிட்டது.

யாரை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. கலாவதி நல்ல தேர்ச்சி. என் மகன் வாசற்படியில் தொற்றிக்கொண்டு ஏறியவன். பள்ளி பஸ்ஸில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். "அப்பா, கலாதான்பா போவணும். அவதான் என்னைவிட கெட்டிக்காரி" என்று அவனே சொன்னான். பெரிய மனுஷன் மாதிரி பேசாதே என்று அதட்டி உட்கார வைத்தேன்.

கூட்டத்தில், வேலைக்கு ஆட்களை மேய்க்கும் மண்டோரும் கோயில் தலைவருமான நல்லசாமி தலையைச் சொறிந்தார். "நம்ம வாயால ஒரு பிள்ளைய வேணாம்னு சொல்ல முடியாதுலா. முனிகிட்டயே பூக் கேட்டுருவோம்."

வீரன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "சாமி என்ன சொன்னாலும் எனக்குச் சரிதாண்ணே."

பையனின் அப்பனே பூக் கட்டலாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்னைச் சந்தேகப்பட மறந்துபோய் அல்ல. முனி இறங்கிவிட்டால் நான் அர்ஜுனனின் அப்பன் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. முனிக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. எனக்கு அது ரொம்பத் தோதாக இருந்தது.

பூக் கேட்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு வாழையிலைத் துண்டு. ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்புச் செம்பருத்தி. வெளியே தெரியாமல் மடித்து நூல் சுற்றித் தட்டில் வைக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. வெள்ளை வந்தால் கலாவதி போவாள், சிவப்பு வந்தால் அர்ஜுனன். பொட்டலம் கட்டுவது சாமியாடியின் கை. எடுப்பது கேட்க வந்தவரின் கை.

நான் அவசரப்படாமல் யோசித்தேன். பெண்பிள்ளை நாளைக்கே இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். ஆண்பிள்ளை படித்தால் குடும்பம் நிமிரும். கோலாலம்பூர் விடுதியில் இவள் தனியாக என்ன பாடுபடுவாளோ. வீரனுக்கு இன்னும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இவள் வேலைக்குப் போனால் அவர்களுக்கும் நல்லது. காரணங்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே வந்து என் பக்கம் நின்றன. உள்ளதைச் சொன்னால், எனக்குப் பொறாமை. மருந்து வாடை அடிக்கிற வீரனைப் பட்டதாரியின் அப்பா என்று கிராணி நாற்காலி போட்டு உட்கார வைப்பதை நினைத்தால் வயிறு எரிந்தது. ஊருக்கே கடவுளாக இருப்பவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து வயிறு எரிகிறது. எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் கட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை லயமே கோயிலடியில் நின்றது. பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து கலாவதியின் அத்தைகூட வந்திருந்தாள். உடுக்கை அடித்தார்கள். நான் ஆடினேன், இருமினேன். கலாவதி தலைக்குக் குளித்து ஈரம் சொட்ட வந்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். விரல் இடப்பக்கம் போயிற்று, தயங்கியது, வலப்பக்கம் வந்தது. மறுபடியும் இடப்பக்கம். அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. அவசரம் இல்லை அம்மா, நன்றாக யோசித்து எடு என்று மனதுக்குள் சொன்னேன். அந்த நேரத்தில் அவள் மேல் எனக்கு உண்மையாகவே பாசம் வந்தது.

வலப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். செம்பருத்தி.

அவள் அம்மா வேலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீரன் என் காலில் விழுந்து, "உத்தரவு சாமி" என்றான். நான் கலாவதியின் நெற்றியில் விபூதி போட்டு, "ஒனக்கு வேற வழி வச்சிருக்கேன், போ" என்றேன். அந்த வழி ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலை என்று முனிக்கே அப்போது தெரியாது. மற்றப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வேட்டியைத் துவைக்க எடுத்த என் மனைவி இராஜம்மா அதைப் பிரித்துவிட்டாள். அதிலும் செம்பருத்திதான் இருந்தது. இரண்டிலும் அதையே கட்டியிருந்தேன். அவள் பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னைக்குப் புளிக்குழம்புதான்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கோயிலுக்கு வந்ததில்லை. முட்டிவலி என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அர்ஜுனன் போனான். இரண்டாம் வருடத்தில் தலைமுடி வளர்த்துக்கொண்டு, கிதார் ஒன்றோடு திரும்பி வந்தான். பரீட்சையில் தேறாததால் அனுப்பிவிட்டார்கள். இப்போது சபாக்கில் மோட்டார் சைக்கிள் கடையில் நிற்கிறான். டயர் நன்றாக மாற்றுவான் என்று முதலாளி சொல்கிறார். ரவாங்கிலிருந்து கலாவதி சம்பளத்தில் கொஞ்சம் மாதாமாதம் கோயிலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை, பழக்கம்தான். என் மகன் தங்கியிருந்த விடுதிக் கட்டணத்தில் அதுவும் சேர்ந்துதான் போயிருக்கும். நல்ல மனசு.

போன தீபாவளி லீவுக்கு வந்தபோது கோயிலடியில் என்னைத் தனியாகப் பார்த்தாள். தொழிற்சாலையில் கையுறைக்குப் போடும் மாவு பட்டுக் கையெல்லாம் வெடித்திருந்தது.

"மாமா, ஒன்னு கேக்கலாமா? அன்னைக்கு நான் மொதல்ல இடப்பக்கம்தான் எடுக்கப் போனேன். அத எடுத்திருந்தா வெள்ளை வந்திருக்கும்லா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். யாரும் இல்லை. சொல்லியிருந்தால் அவள் என்னை அடித்திருக்கவும் மாட்டாள், அழுதிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் தட்டில் ஒரு வெள்ளைப் பூவாவது இருந்தது என்று நினைத்துக்கொண்டால் அவள் மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"ஆமாம்மா. வெள்ளைதான் வந்திருக்கும். ஒன் கைதான் மாத்திருச்சு" என்றேன்.

அவள் தன் வலது கையைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வரேன் மாமா என்று போய்விட்டாள். அப்போது எனக்கு அவள் மேல் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. நான் செய்தது தப்புத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மற்றப் பொட்டலம் அவள் கண்ணுக்கு எதிரே தட்டில்தானே கிடந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகத் தகுந்த பெண் என்றால், அதையும் எடுத்துப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டாமா?