ரத்தம் புளித்த குழந்தை

பித்தளைப் பாத்திரத்துக்கு அவ்வப்போது ஈயம் பூச வேண்டும், ஐயா. இல்லையென்றால் ரசம் களிம்பேறிக் கைக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். கன்னையா பூசினால் முகம் பார்க்கலாம் என்பார்கள். நீங்கள் கேட்டதால் தொழிலைச் சொன்னேன். மற்றதையும் அதே மாதிரி நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஈயம் பிடிக்க நவச்சாரம் வேண்டும். வெள்ளைத் தூள். சூடான பாத்திரத்தில் தூவினால் மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உப்புக்கே வரிசையில் நிற்கிற காலம் இது. என் மகள் ரமணிக்கு மூன்று வயது. உப்பில்லாத மரவள்ளிக் கஞ்சி அவளுக்கு இறங்காது. ஒரு நாள் என் பட்டறையில் கிடந்த நவச்சாரப் பொட்டலத்தைப் பிரித்து நக்கிவிட்டாள். நான் பார்க்கவில்லை. அதை நீங்கள் நம்பலாம். முதல் தடவை நான் ஒன்றும் செய்யவில்லை.

மத்தியானம் வாந்தி எடுத்தாள். பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வெகுதூரம் ஓடி வந்த பிள்ளை மாதிரி, ஆழமாக, இழுத்து இழுத்து. ஆனால் அவள் பாயில் படுத்திருந்தாள். அந்த நேரத்தில்தான் மண்டோர் வேலாயுதம் லோரியோடு வந்தார். ஜப்பான்காரன் சயாமில் போடுகிற ரயில் பாதைக்கு எங்கள் வட்டாரத்தில் ஆள் பிடித்துக் கொடுப்பவர் அவர்தான்.

“என்னடா கன்னையா, மூட்டையக் கட்டிட்டியா? சயாம்ல அரிசிச் சோறுடா. இங்க மரவள்ளியத் தின்னு தின்னு உன் மூஞ்சியே கிழங்காட்டம் ஆயிடுச்சு” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர், ரமணியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். என் மனைவி புஷ்பவல்லி அவர் காலில் விழுந்தாள்.

“எந்திரிம்மா, எந்திரி. நானும் புள்ளகுட்டிக்காரன்தான் லா. புள்ள தேறட்டும், அப்புறம் வரேன்.”

லோரி அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றது. அந்த வீட்டுச் சின்னையா ஏறினார். அவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

ரமணி ஆஸ்பத்திரியில் தேறினாள். பொட்டலம் கிழிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைதான் பிழைத்துவிட்டதே.

வேலாயுதம் சொன்ன சொல் தவறாதவர். மறுபடி வந்து, வெள்ளிக்கிழமை லோரி வரும் என்றார். ஓடிவிடலாம் என்று நினைத்தேன். கிள்ளானுக்கு ஓடியவர்களை அங்கேயே பிடித்து ஏற்றினார்கள். ஓடினால் வீட்டுக்கு ரேஷனும் நின்றுவிடும். போனால் திரும்ப முடியாது. இருந்தால் பிடிப்பார்கள். எல்லாப் பக்கமும் அடைத்த பிறகு ஒரே ஒரு கதவு மிச்சம் இருந்தது. அது ரமணி.

வெள்ளிக்கிழமை காலை அவள் கஞ்சியில் கொஞ்சம் கலந்தேன். அவளாக நக்கியதைவிடக் குறைவாகத்தான். நான் கவனமான ஆள்.

“அப்பா, இன்னிக்கு உப்பு இருக்குப்பா” என்று ஆசையாகக் குடித்தாள்.

வேலாயுதம் வாசலில் நின்று அந்த மூச்சைக் கேட்டார். லோரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் குழம்பிப் போனார். “காய்ச்சல் இல்லை. நெஞ்சிலை சளி இல்லை. மூத்திரத்திலை சீனியும் இல்லை. ஆனா பிள்ளையின்ரை ரத்தம் புளிச்சுப்போய்க் கிடக்கு. அந்தப் புளிப்பை வெளியேத்தத்தான் இப்பிடி மூச்சு வாங்குது. பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்?”

“கஞ்சிதான், டாக்டர்” என்றேன். அது பொய்யில்லை.

சோடா உப்புக் கரைசல் ஏற்றினார். தேறினாள். கெட்டிக்கார டாக்டர். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். புஷ்பவல்லி சந்தோஷத்தில் அழுதாள். வெளியே வேலாயுதம் சைக்கிளோடு எனக்காகக் காத்திருந்தார்.

“என் கழுத்துல கத்தி வெச்சிருக்கானுங்கடா. புள்ள வார்டுல இருக்கிற வரைக்கும்தான் உனக்கு லீவு. வீட்டுக்கு வந்த அன்னிக்கே நீ லோரியில ஏறுற.”

ஆக, அவள் வார்டில் இருந்தாக வேண்டும். வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை காலை தூக்குவாளியில் கஞ்சி கொண்டு போனேன். புஷ்பவல்லிதான் ஊட்டினாள். வெற்றிலை மடித்துப் போட்டிருந்தாள். விரலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பிள்ளையின் வாயோரம் வழிந்த கஞ்சியை அந்த விரலால் வழித்தவள், விரலை முகத்தருகே கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டாள். சுண்ணாம்பு பட்டால் நவச்சாரம் நெடியைக் கிளப்பும். எனக்குத் தெரிந்ததுதான். அவள் வெற்றிலையை மட்டும் நான் யோசிக்கவில்லை.

“ஏங்க, உங்க சட்டையில வர்ற நெடி இந்தக் கஞ்சியில வருதே.”

நான் தூக்குவாளியை மூடி என் பக்கம் இழுத்தேன்.

“நீங்களா?”

தூக்கைப் பிடுங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. இந்தத் தடவை அவசரத்தில் அளவு கூடிவிட்டது. டாக்டர் என்னென்னவோ செய்து பார்த்தார். சாயங்காலம் அந்த மூச்சு நின்றது.

கலந்தவன் நான். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். என் மகளைக் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் சயாமுக்குப் போயிருந்தால் ரமணி அப்பன் இல்லாத பிள்ளையாக அல்லவா வளர்ந்திருப்பாள். அந்த நிலைக்கு அவளை நான் விடவில்லை.

புஷ்பவல்லிக்கு இப்போது ஐந்தாம் மாதம். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். கோபம் தணிந்துவிடும். என்னை அந்த லோரியில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள், ஐயா. ரமணியைப் பார்த்துக்கொண்ட மாதிரியே இந்தப் பிள்ளையையும் பார்த்துக்கொள்வேன்.